நிற்கும்போது ஏறும் சூடு

மெக்ஸிகாலியில் ஆகஸ்டு.
மாலை ஆறரைக்கும் நாற்பத்து நான்கு.
கால் மைல் ஓடுபாதையின் ஓரத்தில்
தகர நிழலில் உட்கார்ந்து
நொடிகளை எழுதுகிறவன் நான்.
வேலை சுலபம்.
பேனாதான் வியர்வையில் வழுக்கும்.

முதல் ஓட்டத்தில் நெரெய்தாவின் சுபாரு
பன்னிரண்டு புள்ளி ஆறு.
கூட்டம் எழுந்து நின்றது.
அவள் சிரிக்கவில்லை.
அடுத்த சுற்று எப்போது என்று
ஜன்னல் வழியாகக் கேட்டாள்.
பத்து நிமிடம் என்றேன்.

அது பொய்யாகிவிட்டது.
நீலப் பிக்கப் ஒன்று கியர்பெட்டி உடைந்து
தொடக்கக் கோட்டில் எண்ணெயைக் கொட்டிவிட்டது.
மரத்தூள் மூட்டையோடு இரண்டு பையன்கள் ஓடினார்கள்.
வரிசை நின்றது.

வரிசை நின்றதும் வண்டி வேகத் தொடங்கியது.

இது புரிய எனக்கு மூன்று கோடை ஆயிற்று.
வெக்கையில் காற்றே இளைத்துப்போய்த்தான் வரும்;
அதைப் பிடித்து நெரித்து உள்ளே தள்ளும் டர்போ.
நெரிபட்டது கொதிக்கும்.
பானட்டுக்கடியில் ஓர் அலுமினியப் பெட்டி
அந்தக் கொதிப்பை வாங்கி
எதிர்க்காற்றில் விட்டுவிடும்.
ஓடும்வரை சரி.
நின்றால் எதிர்க்காற்று ஏது?
கீழே இஞ்சினின் தணல், மேலே தகட்டு மூடி,
ஆற்றவேண்டிய பெட்டியே அடுப்பு.

நெரெய்தா பானட்டைத் திறந்து வைத்தாள்.
பெட்டியைத் தொட்டுவிட்டு விரலை உதறினாள்.
இறால் விற்கும் செலெதோனியோவிடம் போய்
ஐஸ் கேட்டாள்.
"என் இறால் நாறினால் நீயா தின்பாய்?"
திட்டிக்கொண்டே இரண்டு பை கொடுத்தான்.
பெட்டிமேல் அவற்றைக் கிடத்தினாள்,
காய்ச்சல்காரன் நெற்றியில் போல.
ஆவி எழுந்தது. தண்ணீர் ஓடியது.
மானியில் எழுபத்தெட்டு, எழுபது,
அறுபத்தாறு…

அப்போதுதான் நான் எழுந்து போகவேண்டியதாயிற்று.
கோட்டில் ஈரம் சொட்டக்கூடாது.
சொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்கிச் சுவரில் மோதுவான்.
விதி நான் எழுதியதல்ல,
சொன்ன வாய் என்னுடையது.
அவள் ஒன்றும் சொல்லாமல் பைகளைத் தூக்கி
முள்வேலிக்கு அப்பால் எறிந்தாள்.
பைகள் விழுந்த மண்
ஈரம் தெரிவதற்குள் காய்ந்தது.

இன்னும் இருபது நிமிடம் மரத்தூள் பெருக்கினார்கள்.

பக்கத்துத் தடத்தில் எவாரிஸ்தோ:
டர்போ கிர்போ எதுவும் இல்லாத
எட்டு சிலிண்டர் கிழட்டு ஷெவர்லே.
வெயில் அதையும் தின்னும்,
ஓரத்தை மட்டும்.

பச்சை விழுந்தது.
சுபாரு எழும்பியது; எழும்பிய இடத்திலேயே
யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்த மாதிரி.
வருகிற காற்று கொதிக்கிறது என்று தெரிந்தால்
வண்டியின் மூளை
தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும்.
உடைவதைவிடத் தோற்பது மேல் என்று
தொழிற்சாலையில் எவனோ
அதற்குச் சொல்லிவைத்திருக்கிறான்.

பதின்மூன்று புள்ளி நான்கு.
எழுதினேன்.
நான்கை ஒன்றாக்கினாலும் தோல்வி தோல்விதான்,
ஆனாலும் கை ஒரு கணம் தயங்கியது.

இரவு பத்துக்கு என் பஸ் போய்விட்டிருந்தது.
"ஏறு" என்றாள்.
சான் ஃபெலிபே சாலையில்
எண்பதில் சீராகப் போனோம், ஏசி போடாமல்,
கண்ணாடிகளை இறக்கிவிட்டு.
மானி மட்டும் பேசியது:
அறுபத்தொன்பது. அறுபது. ஐம்பத்து நான்கு.
"இப்போது விட்டால் பன்னிரண்டரை ஓடும்" என்றாள்,
என்னிடம் இல்லை, ஸ்டீயரிங்கிடம்.
நாற்பத்தொன்பது.

நகர எல்லையில் சிவப்பு விளக்கு.

ஐம்பது.
ஐம்பத்து இரண்டு.
குறுக்குச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை.
ஐம்பத்தாறு.
அவள் என்னைப் பார்த்தாள்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து
மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து
திரும்பச் செருகிக்கொண்டேன்.